ஆறு மாத பேட்டரி

பதின்மூன்று வருடம் கல்கத்தாவில் இருந்தும் அண்ணாச்சிக்குத் தடுமாறாமல் சொல்ல வந்த வங்காள வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். "கொதொதின் சொல்பே?" எத்தனை நாள் ஓடும் என்று அர்த்தம். செருப்புக் கடையில் கேட்பார், பிளாஸ்டிக் வாளி விற்பவனிடம் கேட்பார், கொசுவலை தைப்பவரிடம் கேட்பார். ஒருமுறை பல் டாக்டரிடமும் கேட்டார், அப்போதுதான் அடைத்த பல்லை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டே. பத்து வருடம் நிற்கும் என்று டாக்டர் பெருமையாகச் சொன்னார். அண்ணாச்சிக்கு முகம் விழுந்துவிட்டது. "அவ்வளவு எதுக்கு?" என்று என்னிடம் தமிழில் முணுமுணுத்தார்.

அவருக்கு எதுவும் ஆறு மாதம் ஓடினால் போதும். அதற்குள் மாற்றல் வந்துவிடும். சென்னை, மதுரை, எங்கேயோ ஓர் இடம். ரயில் ஏறினால் காலையில் திருநெல்வேலியில் இறங்கும் தூரத்தில் இருந்தால் சரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமை அலுவலகத்துக்கு மனு போடுவார். மூன்று கார்பன் தாள் வைத்து அவரே தட்டச்சு செய்வார். பதில் வராது. வந்தாலும் 'பரிசீலனையில் உள்ளது' என்று வரும். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இந்தத் தடவ ஆயிரும் தம்பி, வாசகமே வேற மாதிரி இருக்கு" என்பார். நான் வாங்கிப் பார்ப்பேன். வாசகம் அதே மாதிரிதான் இருக்கும்.

நான் தொண்ணூற்று மூன்றில் திருச்சியிலிருந்து மாற்றலாகி அங்கே போனேன். டல்ஹவுசியில் எங்கள் மத்திய அரசு அலுவலகம். ஒரே பிரிவில் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. குடியிருப்பும் சால்ட் லேக்கில் ஒரே கட்டடம். நான் மாடியில், அவரும் மதினியும் கீழே. மதினி என்று கூப்பிடச் சொன்னது அவர் மனைவிதான். எங்கள் பக்கத்தில் அண்ணி என்போம் என்றேன். "இங்க நாலு பேர்தான் தமிழ் பேசுதோம், அதுலயும் ஆளுக்கொரு பேரா?" என்றார். அதோடு மதினி ஆகிவிட்டார்.

முதல் முறை அவர்கள் வீட்டுக்குள் போனபோது, நேற்றுத்தான் குடிவந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கூடத்தில் சுவரோரமாக ஒன்பது அட்டைப் பெட்டிகள் கயிறு கட்டி அடுக்கியிருந்தன. ஜன்னலுக்குத் திரை இல்லை, பழைய வேட்டி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். நான் போன சமயத்தில் அண்ணாச்சி வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. காப்பிப் பொடிக்குத் தமிழர் கடைகள் இருக்கும் லேக் மார்க்கெட் வரைக்கும் போவோம், ஒன்றரை மணி நேரப் பயணம். நான் ஒரு கிலோ வாங்குவேன். அவர் நூறு கிராம் வாங்குவார்.

ஒரு மழைக்காலத்தில் மதினி அந்தப் பெட்டிகளில் ஒன்றைப் பிரித்திருக்கிறார். அதில் இருந்தது கல்யாணப் பட்டு. சால்ட் லேக்கின் ஈரம் அட்டைக்குள் ஏறி, மடிப்புக்கு மடிப்பு பூஞ்சை பிடித்து, எடுக்க எடுக்கக் கையோடு கிழிந்து வந்திருக்கிறது. மதினி அதைச் சத்தமில்லாமல் கொல்லைக் கம்பியில் உலர்த்தினார். அண்ணாச்சி அதன் கீழே குனிந்து போய்தான் மூன்று நாள் வண்டியை எடுத்தார். நான்காம் நாள் புடவையைக் காணோம். மிச்ச எட்டுப் பெட்டிகளும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அந்த வண்டியைச் சொல்ல வேண்டும். மூன்று கை மாறி அவரிடம் வந்த பழைய மோட்டார் சைக்கிள். மாற்றல் வந்ததும் விற்றுவிடுவதாக வாங்கியது. காலையில் பத்துப் பதினைந்து முறை உதைத்தால் கிளம்பும். கிளம்பிவிட்டால் ஓடும், அதில் குறை சொல்ல முடியாது. பேட்டரிதான் பிரச்சினை. அந்த வண்டிக்கு ஓடுவதற்கு பேட்டரி தேவையில்லை. ஹாரனுக்கும், பிரேக் விளக்குக்கும், திரும்பும்போது கண் சிமிட்டும் விளக்குக்கும்தான் தேவை. அண்ணாச்சி மானிக்தலாவில் ஒரு கடையில், செத்துப்போன பேட்டரிக்குள் தகடு மாற்றி, புது ஆசிட் ஊற்றி விற்பதைத்தான் வாங்குவார். "கொதொதின் சொல்பே?" ஆறு மாதம் என்று கடைக்காரர் சொல்வார். நாலாம் மாதம் ஹாரன் முனக ஆரம்பிக்கும். ஐந்தாம் மாதம் ஊமையாகிவிடும்.

மீதி மாதங்களில் அவர் வாய்தான் ஹாரன். நான் தினமும் அவர் பின்னால் உட்கார்ந்து அலுவலகம் போனேன். அந்த ஊர் பஸ்ஸில் தொங்கி முதல் மாதமே சலித்துப்போயிருந்தது எனக்கு. "தாதா, ஷொருன்! ஷொருன்!" என்று கத்திக்கொண்டே போவார், நகருங்கள் நகருங்கள் என்று. இடது பக்கம் நான் கத்த வேண்டும். அலுவலகம் போய்ச் சேரும்போது இருவருக்கும் தொண்டை கட்டியிருக்கும். பிரிவில் இருந்த வங்காளிகள் எங்களுக்குக் கீர்த்தன கோஷ்டி என்று பேர் வைத்திருந்தார்கள்.

"புதுசு ஒண்ணு போட்டுடுங்களேன் அண்ணாச்சி" என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன். "போடலாம் தம்பி. போட்டுட்டு அடுத்த வாரமே ஆர்டர் வந்துட்டா? வாங்குதவன் பேட்டரிக்குத் தனியாவா தரப்போறான்?" இதற்கு மேல் நான் பேசியதில்லை. எனக்கும் அலுத்துவிட்டது. ஓசிச் சவாரி செய்கிறவன் எவ்வளவுதான் பேச முடியும்?

அவர்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள், ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். கோடை விடுமுறையில் இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். வந்த பிறகு ஒரு வாரம் அந்த வீட்டில் வானொலிகூடப் பாடாது. அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

தொண்ணூற்று எட்டு மழைக்காலத்தில் அது நடந்தது. மானிக்தலா தாண்டி ஒரு சந்திலிருந்து டாக்சி ஒன்று மெதுவாக மூக்கை நீட்டியது. மழைக்காக டிரைவர் கண்ணாடியை ஏற்றி விட்டிருந்தான். அண்ணாச்சி கத்தினார். நானும் கத்தினேன். இரண்டு பேர் வாயைத் திறந்து மூடுவதைத்தான் அவன் பார்த்திருப்பான். டாக்சி இடித்ததில் நான் கையை ஊன்றி விழுந்தேன். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. அண்ணாச்சிக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும்.

நாற்பது நாள் மாவுக்கட்டு. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. மூன்று வேளையும் மதினி தூக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்து வைப்பார். அண்ணாச்சி மாடி ஏறி வந்து வாசலில் நிற்பார். உள்ளே வர மாட்டார். "வலி இருக்கா தம்பி?" என்பார். இல்லை என்பேன். அவர் போன பிறகு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஒரு ஹாரன் சத்தத்துக்காக என் கை இப்படிக் கிடக்கிறதே என்று.

ஒரு நாள் மதினியிடம் சொல்லியே விட்டேன். "ஒரு பேட்டரி மாத்தறதுக்கு என்ன மதினி இவ்வளவு? இவர் என்ன சின்னப் புள்ளையா?"

மதினி தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார், நான் இடது கையால் ஸ்பூனில் அள்ள வசதியாக. நிமிராமலே சொன்னார்.

"எங்க பிள்ளைக்குக் காது கேக்காது தம்பி. பிறவியிலேயே."

கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தேன்.

"இவுகளுக்கு இங்க போட்டப்ப நான் பிள்ளையோட ஊர்லதான் இருந்தேன். அங்க அந்த மாதிரிப் பிள்ளையளுக்கு நல்ல பள்ளிக்கூடம் இருக்கு. ரெண்டு வருஷம் நானும் அவகூட ஒக்காந்து கைப்பேச்சு எல்லாம் படிச்சேன். அப்பம் இவுகளுக்கு இங்க மஞ்சக்காமாலை. பாக்க ஆளில்லாம மூணு நாளு ரூம்ல கெடந்திருக்காக. அக்கம்பக்கத்துல கதவ ஒடச்சுத் தூக்கிட்டுப் போயிருக்காக. நான் பிள்ளைய விடுதில விட்டுட்டு ஓடியாந்தேன். அப்பம் அவளுக்கு ஆறு வயசு. ஆஸ்பத்திரில இருந்து எழுந்ததும் இவுக ஊருக்கு வந்து, அவ முன்னால ஒக்காந்து, விரலக் காட்டிச் சொன்னாக. ஆறு மாசம். ஆறே மாசத்துல நாம ஒண்ணா இருப்போம்னு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒவ்வொரு லீவுக்கும் போறப்பவும் அதே ஆறு விரல்தான். இவுகளுக்குக் கைப்பேச்சுல தெரிஞ்சது அது மட்டுந்தான். அந்தப் பள்ளிக்கூடத்துல பிள்ளையள் ஆளாளுக்கு ஒரு சைகையில பேர் வைக்கும், டீச்சருக்கு, வார்டனுக்கு, அம்மாவுக்கு எல்லாம். எனக்கு மூக்குத்தியத் தொட்டுக் காட்டுவா. அவ அப்பாவுக்கு என்ன வச்சிருக்கா தெரியுமா?" மதினி வலது கையை எடுத்து, எதையோ தள்ளி வைப்பதுபோல முன்னால் நகர்த்திக் காட்டினார். "இதுக்கு அர்த்தம் 'பொறவு'. பொறவு பாத்துக்கலாம்னு சொல்லுதோம்லா, அது. அவுக அப்பா பேரே அங்க அதுதான்."

"அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லல."

கட்டுப் பிரித்த வாரம் அண்ணாச்சி என்னை பேட்டரிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். என்னைப் பின்னால் உட்காரச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, உட்கார எனக்கும் துணிவில்லை. சால்ட் லேக்கிலிருந்து உல்டாடாங்கா வழியாக மானிக்தலா வரைக்கும் வியர்க்க வியர்க்கத் தள்ளினார்.

கடைக்காரர் வழக்கம்போல் அடி அலமாரிக்குக் குனிந்தார், தகடு மாற்றிய சரக்கு எடுக்க. "புதுசும் காட்டுங்க" என்றார் அண்ணாச்சி இந்தியில். கடைக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

மேசை மேல் மூன்றை வரிசையாக வைத்தார். பழைய உடம்பில் புதுத் தகடு, ஒன்று. உள்ளூரில் செய்த புதுசு, ஆனால் சொல்லிக்கொள்ள கம்பெனி கிடையாது, இரண்டு. மூன்றாவது, பெட்டிக்குள் இருந்தது. சீட்டு ஒட்டி, தயாரித்த மாதம் அச்சிட்டு, ஆசிட் இன்னும் ஊற்றாமல். இரண்டு வருட கேரண்டி. அண்ணாச்சி மூன்றாவதைக் கையில் எடுத்தார், எடை பார்க்கிறவர்போல. வண்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, அந்தப் பொந்துக்குள் வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. வெளியே எடுத்து மறுபடி மேசையில் வைத்தார். முதலாவதை எடுத்து வைத்தார். அதுவும் பொருந்தியது. இப்படியே முக்கால் மணி நேரம். அதற்குள் வேறு ஆட்கள் வந்து ஸ்கூட்டருக்கும் டாக்சிக்கும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"பெரிசா ஒண்ணு போட்டா ஹாரன் இன்னும் சத்தமா கேக்குமா?" என்று கேட்டார். இந்த வண்டி பெரிய பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாது, இதுதான் அளவு என்றார் கடைக்காரர். "டிஸ்டில்டு வாட்டர் எப்ப ஊத்தணும்?" மாதம் ஒருமுறை. இதெல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, கால் வலிக்குது. ஏதாவது ஒண்ண எடுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கவெல்லாம் இல்லை, ரொம்பக் களைத்திருந்தார், அவ்வளவுதான்.

"இதுக்கு ரெண்டு வருஷம் கேரண்டின்னு கையெழுத்து வாங்குவான் தம்பி. ரெண்டு வருஷம் நான் இங்கதான் கெடப்பேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரில்லா ஆயிரும்?"

"எழுதிக் கொடுக்கலைன்னாலும் இங்கதான இருக்கீங்க? பதினோரு வருஷமா."

சொன்னதும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மதினி சொன்னது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. அவர் என் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கட்டுப் பிரித்த இடம் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது. பிறகு மூன்றாவதைக் கடைக்காரர் பக்கம் தள்ளினார். அன்றைக்கு அவர் எத்தனை நாள் ஓடும் என்று கேட்கவில்லை. கேரண்டி அட்டையில் பெயரும் முகவரியும் எழுதும்போது, முகவரியில் சால்ட் லேக் என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு, மறுபடி எழுதினார். ஆசிட் ஊற்றிச் சார்ஜில் போட்டு வைக்கிறேன், நாளைக்கு வாருங்கள் என்றார் கடைக்காரர்.

அந்த வாரமே மகளுக்குக் கடிதம் எழுதினார். என்னிடம் காட்டினார், எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி. 'மாற்றல் எப்போது கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே உன்னிடம் ஆறு மாதம் ஆறு மாதம் என்று சொல்லி வந்தேன்' என்று இருந்தது. பிழை ஒன்றும் இல்லை. பதில் பதினைந்து நாளில் வந்தது. மூன்றே வரி. கேட்டுப் பழகாமல் எழுதப் பழகிய பிள்ளையின் தமிழ். 'எனக்குத் தெரியும் முன்பே. அப்பா எழுதியது நல்லது. லீவு நான் வருவது கல்கத்தா.'

வந்தாள். பதினாறு வயது, அப்பாவின் நெற்றி, மதினியின் உயரம். அண்ணாச்சி ஒரு வாரம் லீவு போட்டு, புது பேட்டரி போட்ட வண்டியில் ஊரெல்லாம் காட்டினார். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள், சிரிக்கவும் சிரித்தாள். ஆனால் யாரோ உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவள்போல ஒரு மரியாதை இருந்தது. மதினியும் அவளும் பேசும்போது கைகள் பறக்கும். அண்ணாச்சி இரண்டு பேர் கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் பேசினால் அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அவள் பேசினால் மதினி சொன்னால்தான் அவருக்குப் புரியும்.

ஒரு சனிக்கிழமை, என்னையும் சேர்த்து நான்கு பேரும் லேக் மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம், அவளுக்குத் தோசை வாங்கித் தர. உல்டாடாங்காவில் பஸ் மாற வேண்டும். அங்கே நிறுத்தத்தில் பள்ளிக்கூடச் சீருடையில் ஏழெட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். அத்தனை கூட்டத்தில் அந்த இடம் மட்டும் சத்தமில்லாமல் இருந்தது. கைகளால் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்கு முன்னால் அவள்தான் பார்த்தாள். நேராக அவர்களிடம் போனாள். சில சைகைகள் அவர்களுக்கு வேறாக இருந்திருக்க வேண்டும். இருமுறை மும்முறை காட்டிக்கொண்டார்கள், சிரித்துக்கொண்டார்கள். ஒரு பெண் சாலையின் அந்தப் பக்கம் கையை நீட்டி, விரலை மடக்கி எதையோ எண்ணிக் காட்டினாள். அவர்கள் பள்ளி அங்கிருந்து நான்கு நிறுத்தம் என்று பிறகு புரிந்தது. அவர்கள் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்கள்.

அவள் திரும்பி வந்தாள். அப்பா முன்னால் நின்று பேச ஆரம்பித்தாள். கைகள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. தொண்டையிலிருந்தும் ஏதோ சத்தம் வந்தது. நிறுத்தத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன சொல்லுதா?" என்றார் அண்ணாச்சி.

மதினி உடனே சொல்லவில்லை. அவள் மதினியின் தோளைத் தட்டி, சொல் என்று காட்டினாள்.

"கேட்டீங்களான்னு கேக்கா."

"என்னத்த?"

"இந்த ஊர்ல காது கேக்காத பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கான்னு. பத்து வருஷத்துல ஒரு தடவையாவது யார்ட்டயாவது கேட்டீங்களான்னு கேக்கா."

அந்த நிறுத்தத்தை அவரும் நானும் ஐந்து வருடம் தினம் இரண்டு முறை கடந்திருக்கிறோம். அண்ணாச்சி வாயைத் திறந்தார். "வங்காளத்துல சொல்லிக் குடுப்பாங்க, பிள்ளைக்கு எப்படி..." என்று ஆரம்பித்தார். அவள் குறுக்கே கையை வீசினாள். மதினி சொன்னார்: "'நான் படிச்சிருப்பேன்'ங்கா."

பஸ் ஒன்று வந்து போயிற்று. அது எங்கள் பஸ்தான். யாரும் ஏறவில்லை.

"ஆறு மாசத்துக்காக எதுக்குப் பிள்ளைய மாத்தணும்னு நெனச்சேன்" என்றார் அண்ணாச்சி.

அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்துவிட்டது. அடுத்த பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தபடி நின்றாள். லேக் மார்க்கெட்டில் எல்லோரும் தோசை சாப்பிட்டோம். யாரும் மிச்சம் வைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது.

அவள் ஊருக்குப் போன பிறகு அண்ணாச்சி மனு போடவில்லை. நான் நினைவுபடுத்தியபோது, "இனி அவங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்" என்றார். அடுத்த வருடம் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தார். பிரிவில் எல்லோரும் தடுத்தார்கள். பென்ஷன் குறையும், இன்னும் எத்தனை வருட சர்வீஸ் இருக்கிறது என்று. ஹௌராவில் ரயில் ஏற்றிவிட நான்தான் போனேன். எட்டுப் பெட்டிகளும் பிரிக்காமலே ஏறின. மோட்டார் சைக்கிளை என் பேருக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். ரயில் நகரும்போது, "தண்ணி ஊத்த மறந்துராதீங்க தம்பி" என்றார்.

ஐந்தாறு வருடம் கழித்து, ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போனேன். அதற்குள் எனக்கும் திருச்சி கிடைத்திருந்தது. அண்ணாச்சி வீட்டில் மதினி மட்டும் இருந்தார். பெட்டிகளைக் காணவில்லை. ஜன்னலில் திரை இருந்தது. "அவுக வகுப்புக்குப் போயிருக்காக" என்றார். எந்த வகுப்பு என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு வழி சொன்னார்.

மகள் தான் படித்த பள்ளியிலேயே துணை ஆசிரியையாக இருந்தாள். ஞாயிறுதோறும் பெற்றோர்களுக்குக் கைப்பேச்சு சொல்லித்தருகிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெஞ்சுகளில் இருபத்தைந்து, முப்பது வயது அப்பா அம்மாக்கள், மடியில் குழந்தைகளோடு. கடைசி பெஞ்சில் நரைத்த தலையோடு அண்ணாச்சி, குட்டி மேசைக்குள் கால் நுழையாமல் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். மகள் முன்னால் நின்று ஒரு வாக்கியத்தைக் காட்டினாள். எல்லோரும் திருப்பிக் காட்டினார்கள். அவர் கை பாதியிலேயே குழம்பி நின்றது. அவள் மறுபடி காட்டினாள். மறுபடி தப்பு. மூன்றாம் முறையும். அவள் முகத்தில் சலிப்புத் தெரிந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்து வந்தாள். அவர் கையைப் பிடித்து, நீட்டியிருக்கக் கூடாத விரலை, கொஞ்சம் வலிக்கும்படியாகவே மடக்கினாள். பிறகு அடுத்த பெஞ்சில் இருந்த அம்மாவிடம் போய்விட்டாள்.

அண்ணாச்சி அந்த விரலை மடக்கியபடியே வைத்திருந்தார்.